வடிவாப் பார்

பதினெட்டு வயது நிரம்பிய அன்று ஜெனிட்டா கேக் வெட்டவில்லை. சேவை மையத்து வாசலில், சாதிச் சான்றிதழுக்கு வந்த கூட்டத்தோடு கூட்டமாக நின்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் கீழப்புன்னை மீனவர் தெரு முழுவதற்கும் முன்னால் அவள் பேச வேண்டும். பேச்சு நேரலையில் போகும். நேரலையில் சொந்தப் பெயரில் பேசப் பெரியவர் கணக்கு வேண்டும், பெரியவர் கணக்குக்கு ஆயாவைக் கழற்ற வேண்டும், ஆயாவைக் கழற்ற அந்த மையத்தில் இருந்ததோ ஒரே ஒரு கம்ப்யூட்டர்.

ஆயா என்பது ஆள் இல்லை. பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் போனில் எது வந்தாலும், எழுத்தோ பேச்சோ, நடுவில் நின்று சலித்து மென்மையாக்கிக் கொடுக்கும் ஏற்பாடு. அரசாங்கம் வைத்த பெயர் தளிர்க்காப்பு. பால்வாடி ஆயா சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டுகிற மாதிரி ஊட்டுகிறது என்று பிள்ளைகள் ஆயா என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. முகம் தெரியாதவர்கள் போட்ட வசவைத் தாங்க முடியாமல் பிள்ளைகள் ஒடிந்துபோன காலம் ஒன்று இருந்தது, அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். பின்னால் இதற்காக யாரையும் திட்டக்கூட வழியில்லாமல் போனதற்கு அதுதான் காரணம்.

அதுவரை ஜெனிட்டாவுக்கு ஆயா மேல் கோபம் எதுவும் இருந்ததில்லை. பதினோரு வயதில் அவளுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது: கடல் ஏறுகிறதா என்று அளந்து பார்க்கும் கிறுக்கு. அப்பாவை நச்சரித்து, தோணித்துறைச் சுவரை ஒட்டி, அளவுக்கோடு போட்ட ஓர் இரும்புக் கம்பத்தைத் தண்ணீரில் ஊன்றவைத்தாள். தினமும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, கடலின் அன்றாட ஏற்றவற்றத்தைக் கழித்து, ‘நீர்மட்டம்’ என்ற பிள்ளைகள் குழுவில் போடுவாள். பள்ளிக்கூடத்தில் இதைச் சீண்ட ஆளில்லை. குழுவில் நிரோஷன் கிடைத்தான்.

நிரோஷன் கடலுக்கு அந்தப் பக்கம், மன்னார்த் தீவில் பேசாலையில் இருந்தான். அவளைவிட இரண்டு வயது மூத்தவன். அவனும் ஒரு பாறையில் கம்பி அடித்து அளந்துகொண்டிருந்தான். நிலா ஏன் தண்ணீரை இழுக்கிறது, சூடேறினால் கடல் எவ்வளவு பருக்கும், நத்தை ஏன் எப்போதும் ஒரே பக்கமாகச் சுருள்கிறது என்று ஒன்று விடாமல் பேசினார்கள். நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காமல் இரண்டு பேரும் ஒன்றாக வளர்ந்தார்கள். அவன் ஊர்த் தமிழ் அவளுக்குச் சில சமயம் புரியாது. ஆனால் “ரொம்ப வடிவா பாத்திருக்க!” என்று அடிக்கடி சொல்வான், அது புரியும். வடிவு என்றால் அழகு. அம்மாகூட, “அந்தக் கடல் தாண்டிய பையன் எம்புட்டு மரியாதையா பேசுதான் பாரு” என்று சர்டிபிகேட் கொடுத்திருந்தாள்.

அவன் இரண்டு வருடத்துக்கு முன் விலகிப் போய்விட்டான். “உன் வழியில் உனக்கு வெற்றி கிடைக்கட்டும்” என்று ஒரே வரி. அதற்குப் பிறகு பேச்சில்லை. ஏன் போனான் என்று தெரியாமல் ஜெனிட்டா ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள்.

கடல் மட்டும் விடாமல் ஏறிக்கொண்டே இருந்தது. ஏழு வருடத்தில் முழுசாக ஒரு சாண். விஷயம் டிவிக்குப் போனது, டிவியிலிருந்து கடலோர மறுகுடியமர்வு அலகு என்ற ஆபீசுக்குப் போனது. தெருவையே பெயர்த்து, கடலிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே, செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் கொண்டுபோய் வைப்பதாக முடிவு. போக யாருக்கும் மனசில்லை. வள்ளத்தை இங்கே விட்டுவிட்டு அங்கே போய் என்னத்தை அள்ளுவது? ஆனாலும் வாயை மூடிக்கொண்டார்கள். ஜெனிட்டா அளந்து சொல்லியிருக்கிறாள். நம்ம பிள்ளை, படிச்ச பிள்ளை, பொய்யா சொல்லும்? நாளைக்கு அவள் பேசி முடித்ததும் உத்தரவு.

“ஏட்டி, வா, உக்காரு” என்றாள் பேச்சிக்கனி. மையத்தில் வேலை பார்ப்பவள், ஜெனிட்டாவின் பள்ளியில் நாலைந்து வருடம் முன்னால் படித்தவள். “ரேகையை வை. ம். ஆயா போயாச்சு. இனிமே உனக்கு யாரு என்ன அனுப்புனாலும் அப்படியே வரும், திட்டுனாலும் அப்படியே வரும், அழக்கூடாது. பழைய செய்தியெல்லாம் மூலத்துல என்ன இருந்துச்சுன்னு பாக்கலாம், இல்ல ஒரேயடியா அழிச்சுரலாம். எது வேணும்?”

“நீங்க என்னக்கா செஞ்சீங்க?”

“நான் அழிச்சுட்டேன். பாத்தவளுவ யாரும் நல்லாருக்கோம்னு சொல்லல.”

ஜெனிட்டா பார்க்கிறேன் என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவள் அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்க மதியம் ஆனது.

முதலில் திறந்தது நிரோஷனைத்தான். அவளுக்கு வந்தது இடது பக்கம், அவன் எழுதியது வலது பக்கம். மூன்றாம் வருடத்தில் அவளுக்கு வந்திருந்தது: “நம்ம கடல் ஒண்ணுதான்! உன் பக்கம் நாலு விரல் ஏறிருக்கு, அருமை! ரொம்ப வடிவா பாத்திருக்க!” அந்த ‘நம்ம கடல் ஒண்ணுதான்’ பிடித்துப்போய் அவள் அதைத் தன் பக்கத்தின் தலைப்பில் போட்டுவைத்திருந்தாள். அவன் எழுதியிருந்தது இது: “கடல் ஒண்டுதானே. என்ரை பக்கம் ஒரு நூல்கூட ஏறேல்லை, உன்ரை பக்கம் எப்பிடி நாலு விரல் ஏறும்? பிழை. கடல் ஏறேல்லை, உன்ரை கம்பம் தாழுது. வடிவாப் பார்.”

அவளுக்கு மண்டையில் ஏறவில்லை. அடுத்ததைத் திறந்தாள். “உன் கம்பம் அழகா இருக்கு!” என்று வந்திருந்தது இடது பக்கம். வலது பக்கம், “கம்பத்தைப் பார், தண்ணியைப் பாக்காதை. கம்பத்தை வடிவாப் பார் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?”

கம்பம் அழகு என்று அவன் சொல்லிவிட்டான் என்பதற்காக அவள் அதற்கு நீலமும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்து, கீழே கிளிஞ்சல் ஒட்டி, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினாள். அதற்கு “பெயின்ட் பிரமாதம்!” என்று வந்தது. வலது பக்கம்: “உனக்கென்ன விசரோ? கம்பம் தாழுதெண்டு நான் கத்துறன், நீ அதுக்குப் பெயின்ட் அடிக்கிறாய்!”

“அக்கா” என்றாள் ஜெனிட்டா. குரல் அவளுடையது மாதிரி இல்லை. “வடிவா பாருன்னா என்ன அர்த்தம்?”

பேச்சிக்கனி எட்டிப் பார்த்தாள். “அழகா பாருன்னு...” என்று தொடங்கி, நிறுத்தி, வலது பக்கத்தைப் படித்தாள். “இல்ல, அவங்க ஊர்ல நல்லா கவனிச்சுப் பாருன்னு அர்த்தம் போல. ஆயாவுக்கு அது தெரியல, நம்ம பக்கத்து அழகுன்னு எடுத்துக்கிட்டு பாராட்டா மாத்திருச்சு.”

“பிழைன்னு சொன்னது?”

“அது தெரிஞ்சேதான் எடுத்துருக்கும். பிழை, தப்பு, சரியில்ல, இப்படில்லாம் ஒருத்தர் பிள்ளைககிட்ட சொன்னா மனசு ஒடிஞ்சுரும்லா. வேணும்னே யாரும் செய்யலட்டி. பொய் சொல்லக்கூடாது, ஆனா மனசும் நோகக்கூடாதுன்னா அது என்ன செய்யும் பாவம். மிச்சம் இருக்கறதுல எது பாராட்டு மாதிரி இருக்கோ அதை எடுத்துக் குடுக்கும்.”

கடைசிச் செய்தியின் வலது பக்கத்தில் வெற்றியும் இல்லை, வாழ்த்தும் இல்லை. “நாலு வருசமாச் சொல்லுறன். நீ எனக்குச் சிரிச்ச பொம்மை அனுப்புறாய். எனக்கு விசர் பிடிக்குது. இனி உன்னோடை கதைச்சுப் பிரயோசனம் இல்லை.”

ஜெனிட்டா வீட்டுக்குப் போகவில்லை, நேரே தோணித்துறைக்குப் போனாள். போனில் ஒரு பழைய போட்டோ இருந்தது, கம்பம் ஊன்றிய நாளில் அப்பா எடுத்தது. அதில் கம்பத்தின் உச்சியும் துறைச் சுவரின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருந்தன. பதினோரு வயது ஜெனிட்டா இரண்டின் மேலும் ஒரு கையை நீட்டிப் பரப்பி வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது அதே மாதிரி கையை நீட்டி வைத்துப் பார்த்தாள். கை சரிந்தது. உச்சி சுவருக்கு ஒரு சாண் கீழே நின்றது. சேற்றில் ஊன்றிய கம்பம், தன் கனத்திலேயே வருடாவருடம் இறங்கியிருக்கிறது. பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தினமும் வந்து பார்த்தவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவள் கண் எப்போதும் தண்ணீர்க் கோட்டிலேயே இருந்தது, வேறு இடத்தைப் பார் என்று சொன்னவனின் வாயில் ஆயா சர்க்கரையைப் போட்டு அடைத்துவிட்டது.

அங்கேயே நின்று அவனுடைய எண்ணுக்கு அழைத்தாள். எடுப்பான் என்று நம்பிக்கை இல்லை. எடுத்தான்.

“ஆர் கதைக்கிறது?”

“நான் ஜெனிட்டா. கீழப்புன்னை.”

அவன் எதுவும் கேட்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“கம்பம் இறங்கிருக்கு” என்றாள். “ஒரு சாண். இன்னிக்குத்தான் பாத்தேன். நீ சொன்னது எதுவுமே எனக்கு வரல நிரோஷன். எல்லாத்தையும் அழகு, அருமைன்னே குடுத்துருக்கு. நீ கோவப்பட்டதுகூட எனக்குத் தெரியாது.”

“ஒண்டுமே வரேல்லையோ?”

“ஒண்ணுமே.”

“உங்கடை பக்கம் ஏதோ வடிகட்டி இருக்கெண்டு தெரியும். கெட்ட வார்த்தையைத்தான் வெட்டும் எண்டு நினைச்சன்.” அவன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. “பிழை எண்டுறது கெட்ட வார்த்தை எண்டு ஆர் கண்டது? நான் உன்னைத் தலைக்கனம் பிடிச்ச பெட்டை எண்டு நினைச்சிட்டன், ஜெனிட்டா. எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன் அப்பிடி.”

அவள் அழுதாள். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து அழுதாள். பிறகு மறுநாள் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள்.

“நாளைக்கு எல்லாருக்கும் முன்னாலை சொல்லப்போறியோ?”

“சொல்லாம என்ன செய்ய? என் கோட்டை வெச்சுத்தான் தெருவையே தூக்குதாங்க.”

“என்ரை அளவுகளை அனுப்புறன்” என்றான் அவன். “என்னத்துக்கு வேணுமோ பாவிச்சுக்கொள்.”

வீட்டில் அம்மா கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள். “ஏட்டி, அந்த மெரைன் காலேஜ்ல உன்ன சும்மா கூப்புட்டா சேக்கேன்னாங்க? இதுக்காகத்தானட்டி! கம்பம் எறங்கிச்சோ கடல் ஏறிச்சோ, பேசாம இரேன். அவங்களா பாத்துக் கண்டுபிடிக்கட்டும்.”

“அவங்க எங்கம்மா பாக்காங்க? நான் சொன்னதை நம்பி ரெஜினா மாமி மவன் குடும்பத்தோட திருப்பூருக்கே போயிட்டாரு.”

அம்மா அடுப்பில் எதையோ கிண்டப் போய்விட்டாள்.

மறுநாள் மாதா கோயில் மண்டபத்தில் தெருவே கூடியிருந்தது. மறுகுடியமர்வு அலகின் பொறியாளர் கபிலன் மேடையில் இருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், இஸ்திரி கலையாத சட்டை, எதற்கும் தலையாட்டிச் சிரிக்கும் முகம். நேரலை ஓடிக்கொண்டிருந்தது. நீர்மட்டம் குழுவின் சின்னப் பிள்ளைகள் எல்லாம், நாகப்பட்டினத்திலிருந்தோ குளச்சலிலிருந்தோ, அவளைப் பார்க்க உட்கார்ந்திருப்பார்கள். கம்பம் ஊன்றும் கிறுக்கு அவர்களுக்குப் பிடித்ததே அவளைப் பார்த்துத்தான்.

ஜெனிட்டா மைக்கைப் பிடித்தாள். “என் கணக்கு தப்பு. கடல் ஒரு சாண் ஏறல. என் கம்பம்தான் ஒரு சாண் இறங்கிருக்கு. எல்லாரும் என்னை மன்னிக்கணும்.”

மண்டபத்தில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். கபிலன் மட்டும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். “பாத்தீங்களா, எவ்வளவு தன்னடக்கம்! எல்லாரும் கைதட்டுங்க.”

நாலு பேர் தட்டவும் செய்தார்கள்.

“தன்னடக்கம் இல்ல சார். தப்பு.”

“தப்புன்னு ஏம்மா சொல்றீங்க? அது ஒரு வேற கோணம். உங்க உழைப்பை நீங்களே குறைச்சுப் பேசக்கூடாது.”

“கோணமெல்லாம் இல்ல சார், கம்பம் நேராத்தான் நிக்குது. இறங்கி நிக்குது!” சுவரிடம் பேசுவது மாதிரி இருந்தது. சட்டென்று ஒன்று தோன்றியது. “சார், நீங்க ஆயா கையில வளந்தவங்களா?”

கபிலனுக்குக் கொஞ்சம் பெருமைதான். “நாங்கதான் முதல் செட்.”

ஜெனிட்டா மைக்கை வைத்துவிட்டு இறங்கினாள். மேடையடியில் வந்து நின்று, “எந்திரிங்க சார், வந்து பாருங்க” என்றாள். அவர் எழுந்த விதத்தில், இதுவரை யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை என்று தெரிந்தது. பின்னாலேயே தெருவும் போனது. துறைச் சுவரில் அவரை மண்டிபோட வைத்து, பழைய போட்டோவை ஒரு கையில் கொடுத்து, மறு கையைக் கம்பத்தின் உச்சியில் வைக்கச் சொன்னாள். பேசாலைக் கணக்கையும் காட்டினாள். கபிலன் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

“இந்த இடத்துக்கு நான் மூணு தடவை வந்திருக்கேன்” என்றார் மெதுவாக. “கம்பத்துல கலர் நல்லாருக்குன்னு எழுதினேன்.”

மறு அளவை முடியும்வரை உத்தரவு நிறுத்திவைக்கப்படுகிறது என்று அவர் அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தார். தெரு மூச்சு விட்டது. யாரோ விசில்கூட அடித்தார்கள். ரெஜினா மாமி மட்டும் ஜெனிட்டாவின் முன்னால் வந்து நின்றாள். “எம்மவன் உன் பேச்சைக் கேட்டுத்தான்ட்டி வள்ளத்த வித்துட்டுப் போனான்” என்றாள். திட்டவில்லை. அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். ஜெனிட்டாவுக்கு வாழ்க்கையில் முதல்முதலாக வலிக்க வலிக்க வந்த வார்த்தை அது, நடுவில் யாரும் நின்று தடுக்கவில்லை.

சாயங்காலம் போனைத் திறந்தால் நீர்மட்டம் குழு வாழ்த்தில் மிதந்தது. ஒன்றுக்குக் கீழே ஒன்றாகப் பூங்கொத்து. முதலில் அவளுக்கு விளங்கவில்லை. ஷாஹிதா என்ற பதினோரு வயதுப் பிள்ளை எழுதியிருந்ததைப் பார்த்ததும் விளங்கியது.

“அக்கா, நேரலை பாத்தேன்! உங்க கம்பம் எவ்வளவு ஆழமா இருக்குன்னு சொன்னீங்கல்ல, சூப்பர்! ஆபீசர் சார்கூட வந்து தொட்டுப் பாத்தாங்க! என் கம்பத்துலயும் கடல் ஏறுது அக்கா. நானும் எங்க ஊர்ல மனு குடுக்கப் போறேன். எங்க தெரு ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன்.”

ஜெனிட்டா பதறிப்போய் அந்தப் பிள்ளைக்குத் தான் முன்பு எழுதியதையெல்லாம் தேடிப் பார்த்தாள். போன மாதம், “உன் கம்பம் மணல்ல நிக்குது, அந்த அளவை நம்பாதே” என்று எழுதியிருந்தாள். பெரியவர் கணக்கு இப்போது பக்கத்திலேயே காட்டியபடி, ஷாஹிதாவுக்குப் போய்ச் சேர்ந்தது, “மணல்ல உன் கம்பம்! நம்பிக்கையோட அள!” அதற்கு ஷாஹிதா அனுப்பிய சிரித்த பொம்மையைப் பார்த்து அப்போது ஜெனிட்டாவுக்குக் கடுப்பாக வந்தது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னது ஏறாது என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அனுப்புவதற்கு முன்னாலேயே, எதிர்முனையில் என்னவாக விழும் என்று அவளுக்குத் தெரிந்தது. பெரியவர் கணக்கில் அந்த வசதி உண்டு. ‘மனு கொடுக்காதே’ என்று அடித்தாள். ‘மனுவை யோசித்து, சிறப்பாகக் கொடு’ என்று காட்டியது. ‘தப்பு’ என்று ஒற்றைச் சொல்லை அடித்தாள். ஒரு நட்சத்திரம் விழுந்தது. ‘பிழை’ என்று அடித்தாள். ‘நன்றாகப் பிழைத்துக்கொள்’ என்றது. போனைச் சுவரில் எறியலாம் போல வந்தது. கடைசியில், “ஷாஹிதா, நீ எந்த ஊரு, எந்தத் தெரு? நான் நேர்ல வாரேன்” என்று அடித்து அனுப்பினாள்.

அது போகவே இல்லை. ஒரு சிவப்புக் கட்டம் வந்தது. பெரியவர்கள் சிறுவர்களின் இருப்பிடத்தைக் கேட்பது குற்றம், இந்தக் கணக்கு சிறுவர் குழுக்களிலிருந்து நீக்கப்படுகிறது. அவள் படித்து முடிப்பதற்குள் நீர்மட்டம் குழு அவள் போனில் இல்லை. முந்தாநாள்வரை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஷாஹிதா சொல்லியிருப்பாள். கேட்கத் தோன்றவில்லை. அந்தச் சட்டத்தையும் குறை சொல்ல முடியவில்லை, தெரியாத பெரியவர்கள் கேட்டால் சொல்லக்கூடாதுதான்.

நிரோஷனை அழைத்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். ஊர் தெரியாது, முழுப்பெயர் தெரியாது, கடலோரத்தில் எங்கேயோ மணலில் ஒரு கம்பமும் அதை நம்பி ஒரு தெருவும் இருப்பது மட்டும்தான் தெரியும்.

“கணக்கு இல்லாட்டில், வேறை ஆராவது பிள்ளையின்ரை போனிலையிருந்து...”

“அதுலயும் ஆயாதான இருக்கு.”

பேசாலைப் பக்கம் காற்று இரைவது போனில் கேட்டது.

“அந்தப் பிள்ளைக்கு எத்தினை வயசு எண்டு சொன்னாய்?”

“பதினொண்ணு.”

“அப்ப இன்னும் ஏழு வருசம் கிடக்கு” என்றான் நிரோஷன்.